வளையம் மூடிய இனிப்பு

எங்கள் ஆய்வகத்தில் வளையம் மூடாமல் போனதாகச் சரித்திரமே கிடையாது. உலகத்தில் மற்ற இடங்களில் சில தடவை மூடும், பல தடவை பிசினாகிக் குடுவையின் அடியில் ஒட்டிக்கொள்ளும். சௌந்தரராஜன் சாரின் ஆய்வகத்தில் மட்டும் யார் வைத்தாலும் மூடும். ஐந்து பேர் வைத்தார்கள், ஐந்து பேருக்கும் மூடியது, ஐந்து பேரும் முனைவர் ஆனார்கள். ஆறாவதாகப் போய்ச் சேர்ந்தவள் நான், மோகனப்ரியா.

வளையம் என்றால் என்ன என்று என் அம்மா காளியம்மாள் ஒருமுறை கேட்டாள். சமையலறையில் நின்றபடியே சொன்னேன். நான்கு பேர் கைகோத்து வட்டமாக நிற்கிறார்கள், நடுவில் ஒரு உலோக அணு. நான்கு பேரில் இரண்டு பேர் அமீன், இரண்டு பேர் கீட்டோன். ஒரு அமீன், ஒரு கீட்டோன் என்று மாறி மாறி நிற்க வேண்டும். நடுவில் நிக்கலை நிறுத்தி எத்தனால் என்கிற சாராயத்தில் போட்டுக் கொதிக்கவிட்டால், அவர்களே அதைச் சுற்றி ஒழுங்காக நின்று கைகோத்துக்கொள்வார்கள் என்பது நம்பிக்கை. நிக்கலுக்குப் பதில் தாமிரம் வைக்கலாம், கோபால்ட் வைக்கலாம். ஓர் உலோகத்தை மாற்றினால் ஒரு முனைவர் பட்டம்.

"இதுக்கா இத்தன வருசம்" என்றாள் அம்மா. அவளுக்கு வேதியியல் தெரியாது. கேள்வி மட்டும் சரியாகத்தான் இருந்தது.

நாங்கள் கோவில்பட்டிப் பக்கம். அப்பா தங்கதுரை ஓசூரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் ஏற்றுமதிப் பெட்டி கட்டும் பிரிவில் இருக்கிறார். பாகலூர் ரோட்டில் வீடு. "எம் மக டாக்டருக்குப் படிக்கா" என்று அவர் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்ததால், பக்கத்து வீட்டு மாரம்மா தன் மூட்டு வலிக்கு என்னிடம் மாத்திரை கேட்பாள். அது வேறு டாக்டர், இது வேறு டாக்டர் என்று அப்பாவுக்கு விளக்கியும் பயனில்லை. "எதுவா இருந்தா என்ன, பேருக்கு முன்னால வரும்லா" என்பார். எங்கள் வம்சத்தில் யார் பெயருக்கு முன்னாலும் எதுவும் வந்ததில்லை.

கல்லூரி, ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. சார் நாகரசம்பட்டிக்காரர். மாந்தோப்பு உள்ள குடும்பம். சாதுவான மனிதர், கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. சீசனில் காரின் பின்பக்கம் முழுக்க மாம்பழத்தோடு வருவார். மாணவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் பந்தல்காரனோடு நின்று கயிறு இழுத்துக் கட்டுகிறவர். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், கெட்டவன் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு கசந்திருக்காது.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேர்ந்தவர் முதல்முறை வளையம் வைக்கும் நாளில், கொதிக்கிற குடுவையை மாலையில் வந்து பார்ப்பார். பச்சையாக இருந்த நிக்கல் கரைசல் செங்கல் நிறத்துக்குத் திரும்பியிருக்கும். குடுவையைத் துணியால் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "மூடிடுச்சும்மா" என்பார். அவ்வளவுதான். உடனே ஆள் அனுப்பி ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையிலிருந்து நெய் ஒழுகும் மைசூர்பாக்கு வரும். துறையில் எல்லோருக்கும், வாட்ச்மேன் முனிசாமி வரைக்கும் ஆளுக்கொரு துண்டு. வளையம் மூடிய இனிப்பு என்றே அதற்குப் பெயர். எனக்கும் வாங்கினார். நானும் இரண்டு துண்டு தின்றேன்.

வளையம் நிஜமாகவே மூடியதா என்று அளந்து பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். முதலில் இனிப்பு, அப்புறம் அளவு. இந்த வரிசையில்தான் எல்லாக் கோளாறும் உட்கார்ந்திருந்தது. ஊரே தின்று கை கழுவிய பிறகு, மூடவில்லை என்று சொல்ல எவளுக்கு வாய் வரும்?

மூடவில்லை என்பதற்கு அடையாளங்கள் முதல் நாளிலிருந்தே இருந்தன. பொடியை வடிகட்டும்போது மஞ்சளாக ஒரு தண்ணீர் இறங்கும். அந்த மஞ்சள் நாங்கள் போட்ட கீட்டோனின் நிறம். வளையத்தில் நிற்க வேண்டியவன் ஏன் வடிகாலில் போகிறான் என்று யாரும் கேட்கவில்லை. கொஞ்சம் அதிகமாகப் போட்டுவிட்டோம் போல என்று தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிடுவோம். மூலக்கூறின் நிறையை எந்திரத்தில் அளந்தால் குறைவாக வரும். எந்திரத்துக்குள் உடைந்துவிட்டது என்று எழுதுவோம். கார்பன் கணக்கு இடித்தால் இரண்டு தண்ணீர் மூலக்கூறைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்வோம். இடித்தது நின்றுவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அடையாளம் அந்த இரட்டைப் பள்ளம். எங்கள் பொடியைப் பொட்டாசியம் புரோமைடு உப்போடு அரைத்து, வில்லையாக அழுத்தி, அகச்சிவப்பு ஒளியில் வைத்தால், ஐஆர் என்போம், திரையில் ஒரு கோடு ஓடும். எந்தெந்தக் கை கோத்திருக்கிறது, எது சும்மா தொங்குகிறது என்று அந்தக் கோட்டின் பள்ளங்கள் சொல்லும். வளையம் மூடியிருந்தால் கோட்டின் ஆரம்பம் நேராகப் போக வேண்டும். எங்களுக்கு ஆரம்பத்திலேயே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கூர்மையான பள்ளம் விழும். கைகோக்காத அமீன் இருந்தால்தான் அப்படி விழும் என்று இளங்கலைப் பாடப்புத்தகத்திலேயே போட்டிருக்கிறது.

"அது ஈரம்மா" என்பார் சார். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அது நிஜம். "ஓசூரு சாரலுக்கு உப்பு காயவே காயாது." நாங்களும் வில்லையை மேசை விளக்கின் அடியில் வைத்துக் காய வைப்போம். ஆடியிலும் பள்ளம் விழும், பங்குனியிலும் விழும். ஈரம் விழுத்தும் பள்ளம் அகலமாக, மந்தமாக, ஒற்றையாக இருக்கும். எங்களுடையது ஊசி குத்தியதுபோல் இரண்டு. ஆனாலும் ஐந்து ஆய்வேடுகளிலும் ஈரம் என்றே அச்சேறியது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எங்கள் புளுகு பன்னிரண்டு வருஷமாகத் திடகாத்திரமாக இருந்தது.

எனக்கு ஈரம் போதவில்லை. நான் யோக்கியமானவள் என்பதால் இல்லை, ஆய்வுப் பத்திரிகைக்காரர்கள் விடவில்லை. பட்டம் வாங்க இரண்டு கட்டுரை வெளிவந்திருக்க வேண்டும் என்பது எங்கள் பல்கலைக்கழகத்தின் விதி. ஒன்று வந்துவிட்டது. இரண்டாவதைத் திருப்பி அனுப்பி, படிகம் எங்கே என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். பொடியை வைத்து என்ன வேண்டுமானாலும் கதை கட்டலாம். நல்ல படிகம் ஒன்று கிடைத்து எக்ஸ்ரே எடுத்துவிட்டால் ஒவ்வொரு அணுவும் எங்கே நிற்கிறது என்று படமே வந்துவிடும். எனக்குக் கொடுத்திருந்த நீட்டிப்பும் ஜூனோடு முடிகிறது. அதற்குமேல் பதிவு ரத்து, இத்தனை வருஷமும் வீண். படிகம் வந்தால் பட்டம், இல்லையென்றால் இல்லை.

படிகம் வளர அசைவே கூடாது. எங்கள் ஆய்வகத்திலோ கன்டெய்னர் லாரி ஒவ்வொன்று போகும்போதும் அலமாரிக் கண்ணாடி தந்தியடிக்கும். வீட்டில் வைக்கலாம் என்றால் பின்பக்கம் பிரஸ் பட்டறை, தகடு வெட்டும் அடியில் சுவரே அதிரும். குப்பி குப்பியாகப் பொடிதான் விழுந்தது. சார்தான் ஒரு வழி சொன்னார்.

"எங்க தோட்டத்து வீட்ல மாங்கா போடற ரூம்பு சும்மா கெடக்குது. சீசன் வரைக்கும் அங்க யாரும் போவ மாட்டாங்க. கொண்டாந்து வெச்சிக்கம்மா."

அவர் காரிலேயே குப்பிகளை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வேகத்தடை வரும்போதெல்லாம் மாட்டுவண்டி வேகத்துக்குக் குறைத்தார். இருட்டான அறை, தரையில் பழைய வைக்கோல், சீரான கதகதப்பு. சாரின் மனைவி நாராயணம்மா குப்பிகளின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, "நானே பெருக்கக்கூட வரல, நீ போம்மா" என்றார். பங்குனி முடிவதற்குள் இரண்டு குப்பிகளில் கல்கண்டுபோல் செக்கச்செவேலென்று படிகம் நின்றது. சார் தனக்கு எதிரான சாட்சியைத் தன் வீட்டு வைக்கோலிலேயே வைத்து வளர்த்துக் கொடுத்தார்.

பெங்களூரில் எக்ஸ்ரே எந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவர் ஹரீஷ்குமார். கன்னட வீடு, எங்களுக்காகத் தமிழ் பேசுவார். அவர் படிகத்தை ஊசி முனையில் ஒட்டி உள்ளே வைத்தார். படம் திரண்டு வர மத்தியானம் தாண்டியது. திரையைத் திருப்பி என் பக்கம் காட்டினார்.

"மேடம், ரிங்குன்னு எழுதி இருக்கீங்க. இது ரிங் இல்ல. ஒந்து சைடு ஓப்பன்."

நான்கு பேர் நிற்க வேண்டிய இடத்தில் மூன்று பேர் நின்றார்கள். நடுவில் நிக்கல், ஒரு பக்கம் கீட்டோன், அதன் இரு கையையும் பிடித்துக்கொண்டு இரண்டு அமீன். எதிர்ப்பக்கம் யாருமே இல்லை. அங்கே இரண்டு அமீன்களின் மற்றக் கைகள் பிடிக்க ஆள் இல்லாமல் நின்றன. இரட்டைப் பள்ளம் அதுதான். நான்காவது ஆளை நாங்கள் பன்னிரண்டு வருஷமாகத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

"சரியா பாருங்க சார், தப்பா இருக்கப் போகுது" என்றேன்.

"டேட்டா சூப்பர் மேடம். இவ்ளோ நல்ல கிறிஸ்டல் இந்த மாசத்துல நான் பாக்கல."

திரும்பி வரும் பஸ்ஸில் அத்திப்பள்ளி வரைக்கும் எனக்கு சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன். இத்தனை வருஷத்தில் முதன்முறையாக ஒரு விஷயம் எனக்கு ஐயமில்லாமல் தெரியும். ஓசூர் நெருங்க நெருங்கத்தான் பயம் பிடித்தது. இது என் ஒருத்தியின் குடுவை இல்லை. ஐந்து பேர் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து.

அதில் முதல் எழுத்து ஜெயப்ரியா அக்காவுடையது. இந்த வளையத்தை முதன்முதலில் வைத்தவள் அவள்தான். மற்றவர்கள் அவள் செய்ததையே உலோகத்தை மாற்றிச் செய்தவர்கள். பாகலூர்ப் பெண், வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ். எங்கள் துறையிலேயே தற்காலிக விரிவுரையாளராக இருந்தாள். பிப்பெட் பிடிப்பதிலிருந்து எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவள் அவள். வரப்போகும் மே மாதத்தில் அவளுக்கு நிரந்தரப் பணிக்கு நேர்முகத் தேர்வு இருந்தது. மறுநாள் கரைப்பான்கள் வைக்கும் அறைக்கு அவளைக் கூப்பிட்டுப் போய்ப் போனில் படத்தைக் காட்டினேன். அவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள், சுற்றிப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும் மோகனா" என்றாள்.

"எப்போருந்து?"

"அந்த மஞ்ச தண்ணி எறங்கறப்பவே தெரியும். ஐஆர் போட்டதும் உறுதியாயிடுச்சு. சொல்லிடலாம்னுதான் சார் ரூமுக்குப் போனேன். அவரே எடுத்து வெச்சுக்கிட்டு, இந்த ரெண்டு பள்ளம் என்னம்மான்னு கேட்டாரு. அதுக்கு முந்தின நாளுதான் காலேஜ் பூரா இனிப்பு குடுத்திருந்தாரு. எங்க அப்பாவுக்கு வேற போன் போட்டு வாழ்த்து சொல்லியிருந்தாரு. வாய்ல ஈரம்னு வந்துருச்சு. அவரும் சரின்னுட்டாரு."

ஈரம் சாரின் வார்த்தை என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அது அக்காவின் வார்த்தை. சார் அதை நம்பி, அடுத்து வந்த ஒவ்வொருத்தருக்கும் பாடமாகச் சொல்லியிருக்கிறார்.

"அதுக்கப்புறம் நெஜமாவே மூட வெக்கலாம்னு எத்தனையோ தடவ வெச்சுப் பாத்தேன். மூடல" என்றாள். "நீ சாருகிட்ட சொல்லு, நான் தடுக்க மாட்டேன். ஆனா என்னைக் கூப்பிட்டுக் கேட்டா எனக்கு மூடுச்சுன்னுதான் சொல்லுவேன். இப்பவே உங்கிட்ட சொல்லிடறேன்."

"என்னக்கா இப்படிச் சொல்ற?"

"வேற எப்படிச் சொல்ல? எனக்கு முப்பத்தெட்டு வயசாவுது."

அவளைத் திட்ட வேண்டும்போல் இருந்தது. முகத்துக்கு நேரே எச்சரித்துவிட்டுப் பொய் சொல்லப் போகிறவளை எப்படித் திட்டுவது என்று தெரியவில்லை.

சாரிடம் படத்தைத் தாளில் எடுத்துக்கொண்டு போனேன். சித்திரை வெயில், மின்விசிறி அனலைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைக் கிட்டத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை, அதை நான் சத்தியமாகச் சொல்வேன்.

"அப்ப அது ஈரம் இல்லியா?" என்று கேட்டார்.

"இல்ல சார். நமக்கு மூடவே இல்ல."

அவர் ஜெயப்ரியா அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். வந்தாள், படத்தைப் பார்த்தாள், சொன்னபடியே சொன்னாள்.

"எனக்கு மூடுச்சு சார். இவ எத்தனால்ல தண்ணி இருந்திருக்கும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. "அக்காவோட பாட்டில் டெசிகேட்டர்ல இருக்கு சார். இப்பவே வில்லை போட்டுப் பாத்துருவோம்" என்றேன்.

"பாத்துடலாம்மா" என்று சார் எழுந்துவிட்டார். தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை அப்போது அவருக்கு நிஜமாகவே இருந்தது.

டெசிகேட்டர் என்பது பொடிகளை ஈரம் படாமல் வைக்கும் கனமான கண்ணாடி ஜாடி. அடியில் சிலிக்கா ஜெல் மணிகள் கிடக்கும். ஈரம் சேர்ந்தால் இளஞ்சிவப்பாகிவிடும், காய்ந்திருந்தால் நீலமாக இருக்கும். அன்று நீலமாக இருந்தது, நான்தான் வறுத்துப் போட்டிருந்தேன். உப்பையும் காலையிலிருந்தே அடுப்பில் காய வைத்திருந்தேன். ஈரம் என்ற பேச்சுக்கு அன்று ஓர் ஓட்டைகூட நான் விடவில்லை. முதலில் வெறும் உப்பில் ஒரு வில்லை போட்டோம். கோடு ஆரம்பம் முதல் கடைசி வரை பாய் விரித்ததுபோல் நேராகப் போனது.

"உப்புல ஈரம் இல்ல சார்" என்றேன்.

"தெரியுதும்மா."

அடுத்து ஜெயப்ரியா அக்கா தன் பொடியைத் தானே எடுத்தாள், தானே அரைத்தாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய பொடி, அதே செங்கல் நிறம். கண்ணாடிபோல் ஒரு வில்லை போட்டு உள்ளே வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டாள். கோடு இடப்பக்கத்திலிருந்து கிளம்பியது. கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே இரண்டு பள்ளம், பக்கத்தில் பக்கத்தில், என்னுடையதைப் போலவே.

மூன்று பேரும் பார்த்தோம். சார் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியைத் தேடுகிறவர்போல் கையைக் கீழே கொண்டுபோய், பேன்ட் போட்டிருப்பது நினைவு வந்து, கைக்குட்டையால் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுபடியும் திரையைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பதை நான் பார்த்தேன்.

"ஈரந்தான்" என்றார்.

முன்பெல்லாம் அந்த வார்த்தையை அவர் தெரியாமல் சொன்னார். அன்றைக்குத் தெரிந்து சொன்னார்.

"வெறும் உப்பு நேரா வந்துச்சே சார்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்காத மாதிரி கெஞ்சியது.

"ஜெயப்ரியா, நீ கிளாசுக்குப் போம்மா" என்று அவளை அனுப்பிவிட்டு அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "அஞ்சு பேரும்மா. அஞ்சு பேருக்கும் குடும்பம் கீது, வேலை கீது. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

"எனக்கும் குடும்பம் இருக்கு சார்."

"உனக்குக் கெடுதல் ஆவ விட்டுடுவனா?" என்றார். அதற்குள் அவர் மனம் வேறெங்கோ ஓடிவிட்டிருந்தது. "நீ கொண்டாந்தது சாதாரண படம் இல்லம்மா. வளையம் மூடறதுக்கு முந்தின கட்டம். பாதி வழியில நிக்குது. இதுவரைக்கும் யாரும் புடிச்சதில்ல. அப்படியே எழுது. பெரிய பத்திரிகைக்கே போவும். ஜூனுக்குள்ள உன் வேலை முடிஞ்சிடும்."

எழுதினால் எல்லோரும் பிழைத்துக்கொள்வார்கள், அதுதான் அதிலுள்ள சாமர்த்தியம். மூடுவதற்கு முந்தைய கட்டம் என்று நான் எழுதிவிட்டால், மூடிய கட்டம் ஒன்று இருக்கிறது என்று ஆகிவிடும். ஐந்து பொய்க்கும் என் ஒரு உண்மையே ஜாமீன் நிற்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க, அந்தச் சோற்றை என்னையே வடித்துத் தரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். எழுதக்கூட உட்கார்ந்தேன். தலைப்பு வந்தது, என் பெயர் வந்தது, பக்கத்தில் சார் பெயர் வந்தது, மூன்றாவதாக ஜெயப்ரியா அக்காவின் பெயரையும் போட வேண்டும் என்று சார் போனில் சொன்னார். அதோடு மூடி வைத்துவிட்டேன். நேர்மை, நியாயம் என்றெல்லாம் பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். கரிசல்காட்டு வீம்பு. செய்யாததைச் செய்ததாகச் சொல் என்றால் கழுத்து அசைய மறுக்கிறது.

எழுத மாட்டேன் என்று சாரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "உன் இஷ்டம்மா" என்றார். ஆய்வுக் குழுவில் படத்தைக் காட்டினேன். வெளியிலிருந்து வந்த இரண்டு பேராசிரியர்கள் படம் அழகாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். பிறகு அதில் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். மற்ற ஐந்து பேருக்கும் மூடியிருக்கிறது, உனக்கு மட்டும் ஏன் மூடவில்லை? நான் சாரைப் பார்த்தேன். சார் மேசையைப் பார்த்தார். செய்முறையில் கவனக்குறைவு, போதிய முன்னேற்றம் இல்லை என்று முடிவானது. பழைய கட்டுரைகள் வந்த பத்திரிகைக்கும் எழுதினேன். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறார்கள். ஜூன் முடிந்தது, பதிவும் முடிந்தது.

இப்போது சிப்காட்டில் ஒரு முலாம் பூசும் கம்பெனியில் இருக்கிறேன். நிக்கல் தொட்டியைச் சோதிப்பது என் வேலை. பட்டம் போனாலும் நிக்கல் என்னை விடவில்லை. அங்கே கரைசலைப் பற்றிப் பொய் சொன்னால் மறுநாளே பூச்சு உரிந்துகொண்டு வந்துவிடும், அந்த ஒரு நிம்மதி.

அப்பாவிடம் நடந்தது முழுவதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டிபன் பாக்ஸோடு கல்லூரி வாசலில் போய் நின்றிருப்பார். அக்காவின் பெயர் சந்தியில் இழுபடும். உள்ளுக்குள் அவளை நான் எவ்வளவு வேண்டுமானாலும் வைவேன், ஊர் வையக் கொடுக்க மனசு வரவில்லை. வளையம் மூடவில்லை, அதனால் பட்டம் இல்லை என்று மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தெருவில் டாக்டர் பேச்சை நிறுத்திக்கொண்டார். மாரம்மா மட்டும் இன்னும் மூட்டு வலிக்கு என்னிடம்தான் வருகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜெயப்ரியா அக்கா ஸ்கூட்டரில் வந்தாள். வேலை நிரந்தரமாகி முழுசாக ஒரு வருஷம் ஆகிவிட்டது. கொஞ்சம் சதை போட்டிருந்தாள், கண்ணுக்கடியில் கறுத்திருந்தது. கையில் நெய்க்கறை படிந்த அட்டைப்பெட்டி.

"எங்கிட்ட புதுசா ஒரு பொண்ணு சேர்ந்திருக்குது" என்றாள். "நேத்து மூடுச்சு. சார் உனக்கும் குடுத்துட்டு வரச் சொன்னாரு."

அம்மா வாங்கிப் பிரித்துத் தட்டில் அடுக்கினாள். எல்லாம் செங்கல் நிறத்தில் இருந்தன.

"ஐஆர் போட்டாச்சா?" என்று கேட்டேன்.

"நாளைக்குதான்" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"அந்தப் பொண்ணு கேட்டா என்ன சொல்லுவ?"

அவள் பதில் சொல்வதற்குள் அப்பா உள்ளே வந்துவிட்டார். அக்காவைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு துண்டை வாயில் போட்டு, நெய் அசல் நெய் என்றார். விஷயத்தை அம்மா சொன்னாள். புதுசாச் சேர்ந்த பிள்ளைக்கும் மூடிருச்சாம், அதுக்குத்தான் இனிப்பாம்.

அப்பா வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். இத்தனை மாதமாகக் கேட்காமல் வைத்திருந்ததை அப்போது கேட்டார். வெறும் ஆற்றாமை, குத்திக் காட்டும் தொனி துளியும் இல்லை.

"ஏம்மா, நேத்து வந்த பிள்ளைக்கெல்லாம் மூடுது. ஒனக்கு மட்டும் ஏன் மூடாமப் போச்சு?"

ஜெயப்ரியா அக்கா கையில் எடுத்த துண்டைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் எங்கள் வீட்டுத் தரையைப் பார்த்தாள். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் இந்த வயசில் இந்த மனிதர் யாரிடம் போய் மோதுவார், மோதி என்ன கிடைக்கும்?

"ஈரம்ப்பா" என்றேன். "உப்புல ஈரம்."

"ஈரந்தானா?" அப்பாவுக்கு நம்ப முடியவில்லை. முகமே மாறிவிட்டது. "இத அப்பவே ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதான பிள்ள. எங்க பேக்கிங்ல அந்த சிலிக்கா ஜெல்லு சாக்கு சாக்கால்லா கெடக்கு. யாரு கேப்பா. ஒரு சாக்கு அள்ளிட்டு வந்து தந்துருப்பேனே."